அப்பொல்லோனியஸின் கூம்பு நூலும் அறிவின் அமானிதமும்

கிரேக்கக் கலைகளுக்கும் இஸ்லாமிய நாகரிகத்துக்கும் இடையிலான உறவைப் பற்றி எழுதுவோரிடம் இருவகைத் தீர்ப்புகள் நெடுநாளாக வழங்கி வருகின்றன. கிரேக்கர் இட்டுச் சென்ற செல்வத்தை அரபியர் சில நூற்றாண்டுகள் பூட்டி வைத்துப் பாதுகாத்து, உரிய காலத்தில் ஐரோப்பாவிடம் ஒப்படைத்தனர் என்பது முதல் தீர்ப்பு. இது நம் முன்னோரைக் கிடங்குக் காவலராக ஆக்கிவிடுகிறது. ஐரோப்பா அறிந்த யாவும் நம்மிடமிருந்து பெற்றவையே, கிரேக்கரின் பங்கு சொல்லத்தக்கதன்று என்பது இரண்டாவது தீர்ப்பு. இது நம் மேடைகளிலும் விழா மலர்களிலும் விருப்பத்துடன் ஒலிப்பது. இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை போலத் தோன்றினும் ஒரு குறையில் ஒத்திருக்கின்றன. இரண்டுமே நூல்களைத் திறந்து பாராமல் சொல்லப்பட்டவை.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அரபிக் கல்லூரி ஆண்டு விழாவில் மாணவர் ஒருவர் இப்பொருளில் உணர்ச்சி ததும்பக் கட்டுரை வாசித்தார். அவை மகிழ்ந்தது. முடிவில் முதியவர் ஒருவர் எழுந்து, "தம்பி, கிரேக்க மூலம் அழிந்து அரபியில் மட்டும் எஞ்சிய கணித நூல் ஒன்றின் பெயரைச் சொல்லுங்கள்" என்றார். மாணவரிடம் விடையில்லை. மேடையிலிருந்த ஆசிரியர்களாகிய எம்மிடமும் அன்று விடை ஆயத்தமாக இல்லை. அந்த மௌனத்தின் உறுத்தலே இக்கட்டுரைக்குக் காரணம். பின்னர் தேடிக் கற்றபோது கிடைத்த விடைகளுள் தலையாயது, பெர்காவின் அப்பொல்லோனியஸ் இயற்றிய கூம்பு நூல். அரபியர் அவரை அபுல்லூனியூஸ் என்றும் அந்நூலைக் கிதாபுல் மக்ரூதாத் என்றும் அழைத்தனர்.

முன்னுரைகளில் தெரியும் மனிதர்

அப்பொல்லோனியஸின் வாழ்க்கையைப் பற்றி நமக்குக் கிடைப்பவை மிகச் சிலவே. இன்றைய துருக்கியின் தென்கரையில், அந்தாலியா நகருக்கு அருகில் இடிபாடுகளாகக் கிடக்கும் பெர்கா அவர் பிறந்த ஊர். கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியும் இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கமும் அவர் இயங்கிய காலம். எகிப்தின் அலெக்சாந்திரியாவில், அதாவது அரபியர் பின்னாளில் இஸ்கந்தரிய்யா என்றழைத்த நகரில், அவர் வாழ்ந்தார். ஆசியா மைனரின் பெர்கமம் நகருக்கும் சென்றிருக்கிறார். இவற்றுக்கு அப்பால் அவரை அறிய, அவர் தம் நூலின் பாகங்களுக்கு எழுதிய முன்னுரைக் கடிதங்களையே நாம் நாட வேண்டும்.

எட்டுப் பாகங்கள் கொண்ட அந்நூலின் முதல் பாகத்தைப் பெர்கமத்திலிருந்த யூதெமஸ் என்னும் நண்பருக்கு அனுப்பும்போது அவர் ஒரு செய்தியைத் தெரிவிக்கிறார். நௌக்ராத்தஸ் என்ற கணிதர் அலெக்சாந்திரியாவில் தம்மிடம் வந்து தங்கியிருந்தார். அவர் வேண்டியதனாலேயே இந்நூலை எழுதினேன். அவர் கப்பலேற வேண்டியிருந்ததால் மனத்தில் தோன்றியவற்றை விரைந்தெழுதி, திருத்தாமலே கொடுத்துவிட்டேன். அந்தத் திருத்தப்படாத படிகள் சிலரிடம் உலவுகின்றன. ஆகவே மாறுபட்ட படியைக் கண்டால் வியப்படைய வேண்டாம் என்பது அதன் கருத்து. இரண்டாம் பாகத்தைத் தம் மகனின் கையில் கொடுத்தனுப்புகிறார். எபேசஸ் நகரில் தாம் அறிமுகப்படுத்திய பிலோனிதஸ் அப்பக்கம் வந்தால் அவருக்கும் காட்டுமாறு கேட்டுக்கொள்கிறார். பின்னர் யூதெமஸ் மறைந்துவிடுகிறார். நான்காம் பாகம் முதல் அத்தலஸ் என்பவருக்கு எழுதப்படுகிறது. இவரைப் பெர்கமத்தின் மன்னர் என்று கூறுவோர் உளர். ஆனால் மன்னருக்குரிய அடைமொழி எதுவும் கடிதத்தில் இல்லை.

இம்முன்னுரைகளில் நாம் கவனிக்க வேண்டிய பண்பு ஒன்றுண்டு. முதல் நான்கு பாகங்கள் அடிப்படைகளுக்கானவை, அவற்றின் செய்திகளுள் பல முன்னோரும் ஆராய்ந்தவையே, தாம் அவற்றை விரிவாகவும் பொதுமையாகவும் நிறுவியிருக்கிறேன் என்கிறார். மூன்றாம் பாகத்தில் தமக்கே உரிய புதியவை பல உள்ளன என்பதையும் மறைக்கவில்லை. ஒரு குறிப்பிட்ட சிக்கலை யூக்ளிட் முழுமையாகத் தீர்க்கவில்லை என்றும் சொல்லிவிடுகிறார். கி.பி. நான்காம் நூற்றாண்டின் பாப்பஸ் இதற்காக அவரைத் தற்பெருமைக்காரர் என்று கடிந்திருக்கிறார். தற்பெருமை இருந்திருக்கலாம். எனினும் முன்னோருடையது எது, தம்முடையது எது என்று எல்லைக்கல் நாட்டிச் சொன்ன ஒருவரைக் கடன் மறைத்தவர் என்று எவரும் கூற இயலாது.

மூன்று பெயர்களின் பொருள்

நூலின் பொருளைச் சுருக்கமாகக் காண்போம். ஒரு கூம்பைத் தளம் ஒன்றினால் சாய்த்து வெட்டினால் வெட்டுமுகத்தில் ஒரு வளைவு தோன்றும். இவ்வளைவுகள் மூவகைப்படும் என்பதை முன்னோரும் அறிந்திருந்தனர். ஆனால் ஒவ்வொரு வகைக்கும் வெவ்வேறு கோணமுடைய தனித்தனிக் கூம்பு வேண்டுமென்று அவர்கள் கொண்டிருந்தனர். ஒரே கூம்பிலிருந்து, அது சாய்ந்த கூம்பாயினும், தளத்தின் சாய்வை மாற்றுவதாலேயே மூன்றையும் பெறலாம் என நிறுவி, மூன்றையும் ஒரே முறையில் ஆராய்ந்தவர் அப்பொல்லோனியஸ்.

அவ்வளைவுகளுக்கு இன்றும் ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பெயர்களை இட்டவரும் அவரே. வளைவிலுள்ள ஒரு புள்ளியிலிருந்து விட்டத்துக்கு விதித்த திசையில் ஒரு கோடு வரைந்து, அக்கோட்டின் மீது ஒரு சதுரம் அமைக்க வேண்டும். அக்கோடு விட்டத்தில் வெட்டிய துண்டையும், அவ்வளைவுக்கென வரையறுத்த ஒரு நிலைக்கோட்டையும் பக்கங்களாகக் கொண்டு ஒரு செவ்வகம் அமைக்க வேண்டும். சதுரமும் செவ்வகமும் பரப்பில் ஒத்திருந்தால் வளைவு பரபோலா. சதுரம் மிகுந்தால் ஹைபர்போலா. குறைந்தால் எலிப்ஸ். ஒப்பு, மிகுதி, குறைவு என்பனவே இக்கிரேக்கச் சொற்களின் பொருள்.

இவற்றை அரபியில் பெயர்த்தோர் முறையே கத்உ முகாஃபி, கத்உ ஸாயித், கத்உ நாகிஸ் என்றனர். அரபிக் கல்லூரியில் ஓதியவருக்கு இச்சொற்கள் அயலானவையல்ல. திருமணச் சட்டத்தில் மணமக்களின் பொருத்தத்தைக் குறிக்கும் கஃபாஅத் என்னும் சொல்லின் வேரிலிருந்து பிறந்ததே முகாஃபி. ஸாயித், நாகிஸ் என்பன இலக்கண வகுப்பில் நாள்தோறும் காதில் விழுபவை. தமிழில் நாம் பரவளையம், நீள்வட்டம், அதிபரவளையம் என்கிறோம். இவற்றுள் முதலாவது கிரேக்க ஒலியை நினைவூட்டுகிறது. இரண்டாவது கண்ணுக்குத் தெரியும் உருவத்தைச் சொல்கிறது. மூன்றாவது பரவளையத்தினும் மிக்கது என்ற எண்ணத்தைத் தருகிறது. மூலத்தில் மிகுவது வளைவன்று, சதுரத்தின் பரப்பு. தமிழ்ச் சொற்கள் பயன்பாட்டுக்குப் போதுமானவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அப்பொல்லோனியஸ் ஏன் அப்பெயர்களை இட்டார் என்ற காரணத்தை அரபிச் சொற்களே தாங்கி நிற்கின்றன. ஒலியைக் கடன் வாங்காமலும் உருவத்தைப் பார்த்துப் பெயரிடாமலும் தேற்றத்தின் கருத்தைப் பெயர்த்தவர், தேற்றத்தை விளங்கிக்கொண்டவராகவே இருந்திருக்க வேண்டும்.

பனூ மூஸாவின் வாக்குமூலம்

இதனை ஊகமாகக் கூறவில்லை. அரபி நூலின் முகப்பில் பனூ மூஸா எழுதிய முன்னுரையே இதற்குச் சான்று. மூஸா இப்னு ஷாகிரின் மக்களான முஹம்மத், அஹ்மத், அல்ஹஸன் என்னும் மூவரும் கலீஃபா மஃமூனின் ஆதரவில் பக்தாதில் வளர்ந்து, தம் பொருளைக் கிரேக்க நூல்களைத் தேடிப் பெறுவதில் செலவிட்டவர்கள். மூத்தவரான முஹம்மத் ஹி. 259இல் (கி.பி. 873) மறைந்தார்.

அவர்கள் கூறுவதன் சாரம் இது. கூம்பு நூலின் எட்டுப் பாகங்களுள் ஏழு அவர்களுக்குக் கிடைத்தன. ஆனால் நூலின் கடினத்தாலும், தலைமுறை தலைமுறையாகப் படியெடுத்தோரின் பிழைகளாலும் அது விளங்காத நிலையில் இருந்தது. வடிவியலில் பெரும் ஆற்றல் பெற்ற அல்ஹஸன் முயன்றும் கைகூடவில்லை. எனவே அவர் வேறொரு வழியை மேற்கொண்டார். கூம்பினும் எளிதான உருளையை வெட்டினால் தோன்றும் வளைவைத் தாமே ஆராய்ந்து தனி நூலொன்று எழுதினார். அதனைப் படியாகக் கொண்டு கூம்பு நூலை அடையலாம் என்பது அவர் எண்ணம். அது முற்றுப்பெறுமுன் அவர் மறைந்தார். பின்னர் அரசுப் பணியாக ஷாம் நாட்டுக்குச் சென்ற அஹ்மத், அங்கே முதல் நான்கு பாகங்களுக்கு ஆறாம் நூற்றாண்டின் யூதோசியஸ் செப்பனிட்டு உரையெழுதிய படி ஒன்றைக் கண்டெடுத்தார். அதனைக் கற்றுத் தெளிந்து, அத்தெளிவைக் கொண்டே எஞ்சிய மூன்று பாகங்களையும் சீர்செய்தார். அதன் பின்னரே மொழிபெயர்ப்பு நிகழ்ந்தது. முதல் நான்கு பாகங்களை ஹிலால் இப்னு அபீ ஹிலால் அல்ஹிம்ஸீ பெயர்த்தார். ஐந்து முதல் ஏழு வரையுள்ளவற்றை ஸாபித் இப்னு குர்ரா பெயர்த்தார். இவர் ஹர்ரான் நகரத்து ஸாபிஈ சமயத்தவர், முஸ்லிம் அல்லர். அவரது திறமையைக் கண்டு பக்தாதுக்கு அழைத்து வந்தவர் முஹம்மத் இப்னு மூஸாவே.

ஹதீஸ் கலையில் ரிவாயத், திராயத் என்னும் இரு சொற்கள் உள. கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் அறிவிப்பது ரிவாயத். அறிவிக்கப்பட்டதை ஆய்ந்து விளங்குவது திராயத். கூம்பு நூலின் வரலாற்றில் திராயத் இல்லாமல் ரிவாயத் நிகழ்ந்திருக்கவே முடியாது. பிழை மலிந்த ஏட்டில் எது படியெடுத்தவரின் தவறு, எது ஆசிரியரின் கருத்து என்று பிரிக்க, அத்தேற்றத்தைத் தானே நிறுவத் தெரிந்திருக்க வேண்டும். பூட்டிய கிடங்குக்குக் காவலிருப்பவனுக்கு இத்தகுதி தேவையில்லை. முதல் தீர்ப்பு இங்கே வீழ்கிறது.

கற்றவர் கைகளில்

விளங்கிக் கற்றவர் அதனைக் கொண்டு என்ன செய்தனர் என்பதும் பதிவாகியுள்ளது. உமர் கய்யாம் (1048–1131) முப்படிச் சமன்பாடுகளைக் கூம்பு வளைவுகள் ஒன்றையொன்று வெட்டும் புள்ளிகளைக் கொண்டு தீர்த்தார். அந்நூலைப் பயில்வதற்கு யூக்ளிடின் இரு நூல்களுடன் கூம்பு நூலின் முதலிரு பாகங்களையும் அறிந்திருப்பது இன்றியமையாதது என்று அவரே கூறுகிறார். இப்னுல் ஹைஸம் தம் ஒளியியல் நூலில், வளைந்த ஆடியில் ஒளி எப்புள்ளியில் பட்டுத் திரும்பிக் கண்ணை அடையும் என்ற கடினமான வினாவுக்குக் கத்உ ஸாயித் என்னும் வளைவின் துணையால் விடை கண்டார்.

இப்னுல் ஹைஸமின் பெயரோடு இணைந்த மற்றொன்று நம் நெஞ்சை நெகிழ்விப்பது. கெய்ரோவில் அல்அஸ்ஹர் பள்ளிவாசலின் வாயிலருகே வசித்த அவர், கணித நூல்களைப் படியெடுத்து விற்ற வருவாயில் வாழ்ந்தார் என்று வரலாற்றாசிரியர் இப்னுல் கிஃப்தீ எழுதுகிறார். ஹி. 415இல் (கி.பி. 1024) அவர் தம் கையாலேயே எழுதிய கூம்பு நூற்படி ஒன்று இஸ்தான்பூலின் அயாசோஃபியா தொகுப்பில் 2762ஆம் எண்ணுடன் காக்கப்பட்டு வருகிறது. எட்டாம் பாகம் கிடைக்கவில்லை என்ற குறையைப் போக்க, முந்தைய பாகங்களின் போக்கிலிருந்து அதில் என்னென்ன இருந்திருக்க வேண்டும் என்று ஆய்ந்து அவர் தனி நூலும் எழுதினார். அதனை அப்பொல்லோனியஸின் நூல் என்று உரைக்காமல், கூம்பு நூலின் நிறைவு என்று தம் பெயரிலேயே வைத்தார்.

நம்மவர் பிழைகள்

நம் முன்னோரைப் பாராட்டும் நாம் அவர்களின் பிழைகளை மறைத்தல் தகாது. அப்பொல்லோனியஸைப் பற்றிய செய்திகளில் அரபி வரலாற்றாசிரியர் சிலர் தடுமாறியுள்ளனர். அவரைத் தச்சர் என்னும் பொருள்பட அந்நஜ்ஜார் என்றழைத்தனர். யூக்ளிடின் அடிப்படை நூல் உண்மையில் இத்தச்சர் எழுதியதே, யூக்ளிட் அதனைச் செப்பனிட்டவர் மட்டுமே என்று அல்கிந்தீ கூறியதாக இப்னுன் நதீம் தம் அல்ஃபிஹ்ரிஸ்தில் பதிவு செய்துள்ளார். இப்னுல் கிஃப்தீயும் அவரை யூக்ளிடுக்கு முற்பட்டவராகவே கருதினார். அப்பொல்லோனியஸ் தம் முன்னுரையிலேயே யூக்ளிடைப் பெயர் சொல்லிக் குறைகூறுகிறார். பிற்பட்டவர் ஒருவரே அவ்வாறு எழுத இயலும். முன்னுரையைப் படித்திருந்தால் இப்பிழை நேர்ந்திராது. நூலை விட்டு நூலாசிரியரைப் பற்றிய கதைகளை நம்பினால் அல்கிந்தீ போன்ற மேதையும் சறுக்குவார் என்பதற்கு இது எடுத்துக்காட்டு. இன்றைய மேடைப் பேச்சுகளைப் பற்றித் தனியே கூற வேண்டியதில்லை.

ஐரோப்பா கற்ற விதம்

நூல் மேற்கே சென்ற கதையும் இதே பாடத்தையே கற்பிக்கிறது. கிரேக்கத்தில் எஞ்சியவை முதல் நான்கு பாகங்கள் மட்டுமே. கோள்கள் எலிப்ஸ் வழியில், அதாவது நாகிஸ் என்னும் வளைவில், சுழல்கின்றன என்று 1609இல் கெப்ளர் வெளியிட்டபோது ஐந்து முதல் ஏழு வரையுள்ள பாகங்கள் ஐரோப்பாவில் அச்சேறியிருக்கவில்லை. கலீலியோவின் மாணவரான விவியானி, ஐந்தாம் பாகத்தில் இருந்திருக்கக்கூடியதைத் தாமே ஊகித்து 1659இல் நூலாக வெளியிட்டார். அவர் அரபி அறியாதவர். அதே வேளையில் புளோரன்ஸ் நகரில் பொரெல்லி ஓர் அரபிச் சுருக்கப் படியைக் கண்டெடுத்தார். லெபனானைச் சேர்ந்த மாரோனியக் கிறித்தவ அறிஞர் இப்ராஹீம் அல்ஹாகிலானீயின் துணையுடன் அது இலத்தீனில் பெயர்க்கப்பட்டு 1661இல் வெளிவந்தது.

ஆங்கிலேய வானியலாளர் எட்மண்ட் ஹாலியின் முயற்சி இவற்றினும் பெரிது. அப்பொல்லோனியஸின் மற்றொரு நூலான விகித வெட்டு பற்றியது, அரபியில் மட்டுமே எஞ்சியிருந்தது. ஆக்ஸ்போர்டில் முன்னவர் ஒருவர் அதில் பத்தில் ஒரு பங்களவே பெயர்த்து விட்டிருந்தார். அரபி அறியாத ஹாலி, அச்சிறு பகுதியையே திறவுகோலாகக் கொண்டு, சொல் சொல்லாகப் பொருள் கண்டு, முழு நூலையும் இலத்தீனில் பெயர்த்து 1706இல் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது ஐம்பது. 1710இல் கூம்பு நூலின் பெரும் பதிப்பும் அவரால் வெளிவந்தது. பிந்தைய மூன்று பாகங்கள் அரபியிலிருந்து பெயர்க்கப்பட்டவை என்பதை அவர் தலைப்பிலேயே அறிவித்தார். எட்டாம் பாகத்தை மீட்டமைக்கவும் முயன்றார். ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகளுக்கு முன் இப்னுல் ஹைஸம் மேற்கொண்ட அதே பணி அது.

இதனைத் திருட்டு என்றழைக்க நம் நா கூசுகிறது. கடனைத் தலைப்பிலேயே எழுதியவன் திருடனல்லன். பிற்காலத்தார் அத்தலைப்பை மறந்தனர் என்பது வேறு குற்றச்சாட்டு. அதில் நியாயம் உண்டு. ஆனால் அதே குற்றச்சாட்டு நம்மீதும் பாய்கிறது. ஸாபித் என்னும் ஸாபிஈயையும், அல்ஹாகிலானீ என்னும் கிறித்தவரையும், எல்லாவற்றுக்கும் மூலமான பெர்காவின் கிரேக்கரையும் விட்டுவிட்டு நாம் முஸ்லிம் கணிதம் என்று மட்டும் முழங்கும்போது ஸனதை அறுக்கிறவர்கள் நாமே. அறிவிப்பாளர் ஒருவரின் பெயரை வேண்டுமென்றே மறைப்பதை நம் ஹதீஸ் கலை தத்லீஸ் என்று கண்டிக்கிறது. கணித வரலாற்றில் மட்டும் அது எவ்வாறு புகழுக்குரியதாகும்?

எஞ்சும் கடமை

அரபி நூலின் நிலையையும் குறிப்பிட வேண்டும். ஐந்து முதல் ஏழு வரையுள்ள பாகங்களின் அரபி மூலத்தை ஆங்கில ஆக்கத்துடன் ஜெரால்டு டூமர் 1990இல் பதிப்பித்தார். ஏழு பாகங்களையும் பிரெஞ்சு ஆக்கத்துடன் ருஷ்தீ ராஷித் 2008 முதல் 2010 வரை பதிப்பித்தார். எகிப்தில் பிறந்து பாரிசில் பணியாற்றிய பேரறிஞர் அவர். ஆக, நூல் இன்று மறைவில் இல்லை. படிப்பவரே வேண்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் லக்னோவில் முல்லா நிஸாமுத்தீன் பெயரால் வகுக்கப்பட்ட தர்ஸே நிஸாமீ பாடத்திட்டத்தில், நஸீருத்தீன் தூஸீ செப்பனிட்ட யூக்ளிட் நூலின் முதல் பாகம் இடம்பெற்றிருந்தது. எமது மாணவப் பருவத்தில் அதன் பெயரை உஸ்தாதுமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். பாடமாக ஓதியதில்லை. இன்று மாணவர் பெயரையும் கேட்பதில்லை. ஒருபுறம் கணிதப் பட்டதாரிகள் அரபி அறியாதவர்களாகவும், மறுபுறம் அரபிப் பட்டதாரிகள் கணிதம் அறியாதவர்களாகவும் இருக்கும்வரை, அபுல்லூனியூஸின் நூல் நம்முடையது என்று சொல்ல நமக்கு உரிமை ஏது? அமானிதம் என்பது வைத்திருந்த பெருமையன்று. உரியவரின் பெயரோடு, குறைவின்றி, விளங்கிக்கொண்டு அடுத்தவரிடம் சேர்ப்பது. பனூ மூஸா அதைச் செய்தனர். இப்னுல் ஹைஸம் கூலிக்குப் படியெடுத்த கையாலேயே அதைச் செய்தார்.

அன்று வினா எழுப்பிய அந்த முதியவருக்கு இப்போது விடை சொல்லிவிட்டோம் என்று மனநிறைவு கொள்ள இயலவில்லை. பெயரை அறிந்தது முதற்படியே. எமது வகுப்பில் இவ்வாண்டு, ஸாயித், நாகிஸ் என்னும் சொற்கள் இலக்கணத்தில் வரும்போது கரும்பலகையில் ஒரு கூம்பையும் வரைந்து காட்டத் தொடங்கியுள்ளோம். சிறிய தொடக்கம்தான். அல்ஹஸன் இப்னு மூஸாவும் கூம்பு கைகூடாதபோது உருளையிலிருந்தே தொடங்கினார்.